கிரீன் ஸ்ட்ரீட்டில் இல்லாத முகங்கள்

வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் பெயரால் அடிதடியில் இறங்கும் ரசிகர் கும்பலில் அமெரிக்க மாணவன் ஒருவன் சேர்ந்துவிடும் கதையே 2005இல் வந்த 'கிரீன் ஸ்ட்ரீட்' திரைப்படம். கிழக்கு லண்டனின் நியூஹாமில், 2016 வரை அவ்வணியின் மைதானம் இருந்த கிரீன் ஸ்ட்ரீட் என்ற தெரு, புடவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் பெயர்பெற்றது. அருகிலுள்ள ஈஸ்ட் ஹாமில் தமிழர் கடைகளும் கோயில்களும் உண்டு. தெருவின் பெயரை எடுத்துக்கொண்ட படம் தெருவாசிகளை எடுத்துக்கொள்ளவில்லை. கும்பலின் முக்கிய முகங்கள் அனைத்தும் வெள்ளையர்களே.

வன்முறைக் கும்பல்கள் அப்படித்தான் இருந்தன என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. வெஸ்ட் ஹாமின் உண்மையான கும்பலான 'இன்டர் சிட்டி ஃபர்ம்' அமைப்பில் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவரான காஸ் பென்னன்ட், வெள்ளையினக் குடும்பத்தில் வளர்ந்த கறுப்பினத்தவர். நேஷனல் ஃபிரண்ட் போன்ற இனவெறி அமைப்புகள் கால்பந்து மைதானங்களில் ஆள் திரட்டிய காலத்தில், அப்படியொருவர் அந்தக் கூட்டத்துக்குள் மதிப்பைத் தேடிக்கொண்டது எப்படி என்ற கேள்வி, எந்த அடிதடிக் காட்சியையும்விட எனக்குச் சுவையானது. அவரது வாழ்க்கை 2008இல் 'காஸ்' என்ற தனிப்படமாகவே வந்தது.

இத்தனைக்கும் 'கிரீன் ஸ்ட்ரீட்'டை இயக்கியவர் ஒரு பெண்: ஜெர்மனியில் பிறந்த, பாலஸ்தீனத் தந்தையின் மகளான லெக்ஸி அலெக்ஸாண்டர். சண்டைக்கலை வீராங்கனையுமான அவரது படத்தில், முதன்மைப் பெண் பாத்திரமோ கணவனை எண்ணி அஞ்சும் மனைவியாக மட்டுமே நிற்கிறது.