கிரீன்ஸ்டெட்டில் ஒரு மரச்சுவர்

அப்பா தச்சர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குனிந்து வாசல் நிலையின் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். மரம் உளுக்க ஆரம்பிப்பது அங்கேதான் என்பார். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் கிரீன்ஸ்டெட் தேவாலயத்தின் முன்னால் நின்றதும் என்னை அறியாமல் குனிந்தேன். சுவருக்கு அடியில் செங்கல்! ஐரோப்பாவின் மிகப் பழைய மரத் தேவாலயம் என்று கேள்விப்பட்டு வந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

லண்டன் சுரங்க ரயிலின் சென்ட்ரல் லைனில் எப்பிங் வரை போய், பஸ் பிடித்து ஓங்கரில் இறங்கினேன். முன்பெல்லாம் அந்த ரயிலே ஓங்கர் வரை போகுமாம், 1994இல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் வயல்களுக்கு நடுவே ஒரு மைல் நடை. ஊர் என்று பெரிதாக எதுவும் இல்லை.

சுவரைத்தான் சொல்ல வேண்டும். ஓக் மரத்தை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, உருண்ட பக்கம் வெளியேயும் தட்டைப் பக்கம் உள்ளேயும் வருமாறு வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். மொத்தம் 51 கட்டைகள். இரண்டு பக்கமும் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, இடுக்கில் மெல்லிய மரச்சட்டம் செருகியிருப்பதால் காற்றும் மழையும் உள்ளே வராது. உள்பக்கம் தடவிப் பார்த்தால் வாய்ச்சியால் செதுக்கிய தடம் கையில் நெருடுகிறது. இழைப்புளி படாத மரம்.

செங்கல் விஷயம் பிறகுதான் புரிந்தது. 1848இல் தொடங்கிய திருப்பணியில், உளுத்துப்போன அடிப்பகுதிகளை வெட்டிவிட்டுக் கட்டைகளைச் செங்கல் மேடையில் ஏற்றியிருக்கிறார்கள். சரி, வேறு என்ன செய்திருக்க முடியும்?

இந்த மரங்கள் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று நெடுநாள் நம்பியிருக்கிறார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில் 1060க்குப் பிந்தியவை என்று தெரிந்தது. 1013இல் பழங்கால அரசர் புனித எட்மண்டின் உடல், எடுத்துச் செல்லும் வழியில் இங்கே தங்கியது என்கிற கதை இருக்கிறதே, அது உண்மையானால் தங்கிய இடம் இதற்கு முன்பிருந்த கட்டடமாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு எட்மண்டைவிட ஜேம்ஸ் பிரைன்தான் முக்கியம். கூலி குறைகிறதே என்று சங்கம் சேர்ந்ததற்காக, ரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று குற்றம் சாட்டி, 1834இல் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட டால்படில் கிராமத்து விவசாயத் தொழிலாளிகள் ஆறு பேரில் ஒருவர். 1836இல் மன்னிப்புக் கிடைத்து, திரும்பி வந்தவர்களில் ஐந்து பேர் இந்தப் பக்கம் குடியேறினார்கள். 1839இல் தன்னோடு தண்டிக்கப்பட்ட தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை பிரைன் மணந்தது இந்தத் தேவாலயத்தில்தான். பிறகு கனடாவுக்குப் போய்விட்டார்கள்.

இரவு அப்பாவுக்குப் போட்டோக்களை அனுப்பினேன். தேவாலயம், வயது, கல்யாணம் எதையும் அவர் கேட்கவில்லை.

“ஏம்மா, செங்கலுக்கும் மரத்துக்கும் நடுவுல படுக்கையா ஒரு கட்டை தெரியுதே, அதைக் கிட்டப் போய் எடுக்கலையா?”

எடுக்கவில்லை.