விமானப் பயமும் ஹிப்னோதெரபியும்: கொழும்பில் நான் பட்ட பாடு

விமானப் பயத்துக்கு ஹிப்னோதெரபி, அதாவது அறிதுயில் நிலையில் மனதைக் குவித்துத் தரும் சிகிச்சை, உதவுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், எனக்கு உதவியது என்பதே. ஆனால் அந்த உதவி என் கைக்கு எட்டுவதற்கு முன் கொழும்பில் நான் அலைந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவையற்றது. விவரம் தெரிந்த ஒருவர் முன்கூட்டியே நான்கு விஷயங்களைச் சொல்லியிருந்தால், பணமும் நேரமும் மட்டுமல்ல, அவமானமும் மிச்சமாகியிருக்கும். இதே தேவையோடு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் தங்கை சென்னையில் இருக்கிறாள். அவளுக்குச் சத்திரசிகிச்சை ஒன்று தீர்மானிக்கப்பட்டிருந்ததால் நான் போயே ஆக வேண்டியிருந்தது. கட்டுநாயக்கவிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பறப்புத்தான் என்றாலும், விமானத்தின் கதவு மூடப்படும் நேரத்தை நினைத்தாலே நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்த்து, மூச்சு அடைப்பது எனக்குப் பல வருடங்களாக உள்ள துன்பம். கப்பலில் போகலாமே என்றார்கள். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையிலான சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில்தான் மீண்டும் ஆரம்பமானது. கடல் கொந்தளித்தால் ரத்தாகிவிடும் பயணத்தை நம்பிச் சத்திரசிகிச்சை நாளுக்குப் போய்ச் சேர முடியாது.

முதலில் போன இடம் காலி வீதியை ஒட்டிய மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்த தனியார் நிலையம். தெரிந்தவர் ஒருவர் சொல்லிப் போனேன். உள்ளே சென்றதும் வரவேற்பு மேசையில் இருந்தவர் என்ன பிரச்சினை என்று கேட்கவில்லை. ‘பக்கேஜ்’ எது வேண்டும் என்று கேட்டார். முழுத் தொகையையும் முன்கூட்டிச் செலுத்தினால்தான் சிகிச்சையாளரைச் சந்திக்க முடியும் என்றார். தங்கையின் சத்திரசிகிச்சை நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால், கேட்டுக்கொண்டு பாதியை மட்டும் கட்டி உள்ளே போனேன்.

சிகிச்சையாளர் எனக்கு என்ன நோய்கள் உள்ளன, என்ன மருந்து எடுக்கிறேன், முன்பு மனநல சிகிச்சை ஏதும் பெற்றிருக்கிறேனா என்று எதையும் விசாரிக்கவில்லை. என் பயத்தின் வேர் முற்பிறவியில் இருப்பதாகவும், அங்கே என்னை அழைத்துச் சென்றால் ஒரே அமர்வில் தீர்ந்துவிடும் என்றும் உறுதி கூறினார். எனக்கு அதில் சம்மதமில்லை என்று சொன்னபோது, அப்படியானால் சிறுவயதுக்குப் போவோம் என்றார். இந்த நாட்டில் போரைக் கண்ட எங்கள் தலைமுறைத் தமிழர்களின் பழைய நினைவுகளுக்குள், எந்த முன்னேற்பாடுமின்றி, அறிமுகமாகி அரைமணி நேரமாகாத ஒருவர் கையை விடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. அறிதுயில் நிலையில் நினைவுகளைத் தோண்டும்போது, நடக்காததை நடந்ததாக மனம் உருவாக்கிக்கொள்ளவும் கூடும் என்பது ஆய்வாளர்கள் நெடுங்காலமாக எச்சரித்துவரும் விஷயம். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் திருப்பித் தரப்படமாட்டாது என்று அச்சிடப்பட்டிருப்பதாகக் காட்டினார்கள். அது ஆங்கிலத்தில், மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. பெறாத சேவைக்கு எப்படிக் கட்டணம் அறவிடலாம் என்ற என் கேள்விக்கு, மனேஜர் வந்ததும் அழைப்பதாகச் சொன்னார்கள், அழைப்பு வரவேயில்லை. ஆகவே இந்தத் துறையில் யாரிடம் போவதாக இருந்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் அவருடைய அடிப்படைத் தகுதி என்ன என்று கேளுங்கள். ஹிப்னோதெரபிச் சான்றிதழ் சுவரில் தொங்குவது போதாது. அவர் அதற்கு அப்பால் வைத்தியராகவோ, உளவியலாளராகவோ, பயிற்சி பெற்ற உளவளத்துணையாளராகவோ இருக்க வேண்டும். வைத்தியர் என்று சொல்பவரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் உள்ளதா என்று பார்ப்பது ஒன்றும் தவறல்ல. உண்மையான வைத்தியர் அதற்காகக் கோபிக்கவும் மாட்டார்.

அதன்பின் எங்கள் குடும்ப வைத்தியர், அறிதுயிலிலும் பயிற்சி பெற்ற மனநல வைத்தியர் ஒருவருக்குக் கடிதம் தந்தார். இங்கே சிகிச்சையில் குறையில்லை, அலுவலகத்தில்தான் குறை. தொலைபேசியில் எனக்கு ஒதுக்கித் தந்த நாள் போயா தினம். லீவு நாளன்று கிளினிக் நடக்குமா என்று நான் இருமுறை கேட்டும், நடக்கும் என்றே பதில் வந்தது. போனால் கதவு பூட்டியிருந்தது. காவலாளியைத் தவிர எவரும் இல்லை. அடுத்த தடவை போனபோது, தைரொயிட் இரத்தப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் உள்ளே விட முடியாது என்று மேசையில் இருந்தவர் திருப்பி அனுப்பினார். அந்த அறிக்கை தேவை என்பதை அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தாலும் இதே படபடப்பும் நடுக்கமும் பதற்றமும் வரும் என்பதால் அந்தப் பரிசோதனையைக் கேட்பது முற்றிலும் நியாயம். நாள் ஒதுக்கும்போதே அதைச் சொல்லாததுதான் அநியாயம். நீங்கள் போவதாக இருந்தால் தைரொயிட் அறிக்கை, ஈசிஜி எடுத்திருந்தால் அது, எடுக்கும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை முதல் நாளே ஒரு கோவையில் போட்டுக்கொண்டு போங்கள்.

வைத்தியர் முதல் சந்திப்பில் கண்ணை மூடு என்று சொல்லவே இல்லை. எதற்குப் பயம் என்று துருவித் துருவிக் கேட்டார். விமானப் பயம் என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும், சிலருக்கு விழுந்துவிடும் என்ற அச்சம், சிலருக்கு உயரம், சிலருக்கு அடைபட்ட இடம், இன்னும் சிலருக்கு எல்லோர் முன்னிலையிலும் தமக்குப் பீதி வந்துவிடுமோ என்ற பயம். எனக்கு விமானம் விழும் என்ற எண்ணம் வந்ததே இல்லை. கதவு மூடியபின் இறங்க முடியாது என்பதே என் பயம். இதைப் பிரித்தறிந்தது பாதி வைத்தியம் என்று இப்போது நினைக்கிறேன். இத்தகைய அச்சங்களுக்கு மிக வலுவான ஆதாரமுள்ள சிகிச்சை, பயப்படும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சைதான் என்றும், ஹிப்னோதெரபி அதற்குத் துணையாக நிற்கும் கருவியே என்றும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரை நம்பினேன்.

ஆனால் அவர் சிங்களவர். அமர்வு ஆங்கிலத்தில் நடந்தது. எனக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். எனினும் தளர்ந்துபோகும்படி அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் என் மனம் பரீட்சை மண்டபத்தில் கேட்பறிவு வினாவைக் கேட்பதுபோலக் கவனமாகக் கேட்டதே தவிர, உடல் அசையவில்லை. இதைச் சொல்லத் தயங்கிக் கொண்டிருந்த என்னிடம் அவரே கேட்டார், வீட்டில் பேசும் மொழியில் செய்வோமா என்று. அவருடைய மேற்பார்வையில் பணிபுரியும் தமிழ் உளவளத்துணையாளர் ஒருவர் அடுத்த அமர்வுகளை நடத்தினார். மொழி மாற்றம் வேண்டுமென்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எவரும் எண்ண வேண்டாம். இந்தச் சிகிச்சை முழுவதும் சொல்லின் மேல் நிற்பது.

அந்தப் பிள்ளை என்னை ‘ரீச்சர்’ என்றே அழைத்தாள். “கண்ணைத் திறந்து வைச்சிருந்தாலும் பரவாயில்லை, ரீச்சர். இதை எந்த நிமிஷத்திலும் நீங்களே நிப்பாட்டலாம்” என்று அவள் சொன்னபோதே என் தோள்கள் இறங்கின. நித்திரையும் இல்லை, மயக்கமும் இல்லை. வெளியே ஓட்டோ ஹோர்ன் அடிப்பது கேட்டுக்கொண்டேயிருந்தது. கவனம் மட்டும் ஒரே இடத்தில் குவிந்து, அவள் சொல்வது உடலில் நடப்பதாக உணர்ந்தேன். பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அழுத்தும்போது அந்த ஆறுதல் திரும்பி வரும்படி பழக்கினாள். பின், பெட்டி அடுக்குவது, விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை, இருக்கைப் பட்டி, கதவு என்று ஒவ்வொரு படியாகக் கற்பனையில் கூட்டிச் சென்றாள். பயம் 10க்கு எத்தனை என்று கேட்டு, அது இறங்கிய பின்பே அடுத்த படிக்குப் போனாள்.

வீட்டில் எதிர்ப்பு இருந்தது. வசியம், மாந்திரீகம் என்றெல்லாம் அத்தான் பேசினார். ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் பிரெய்ட் 1843 இலேயே இதை மந்திரத்திலிருந்து பிரித்து உடலும் மனமும் சார்ந்த நிகழ்வாக விளக்கி நூல் எழுதினார் என்பதையும், பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1955 இல் இதன் மருத்துவப் பயனை ஏற்றுக்கொண்டது என்பதையும் எடுத்துச் சொன்ன பின்னரே அவர் அடங்கினார். வீட்டில் இப்படியொருவர் இருந்தால் சண்டை பிடிக்காமல் ஒரு முறை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கற்பனைக்குப் பிறகு நிஜப் பயிற்சியாக வைத்தியர் தந்தது, கோட்டையிலிருந்து அதிவேக நெடுஞ்சாலை வழியாகக் கட்டுநாயக்க செல்லும் 187 இலக்கப் பேருந்து. 2013 இல் திறக்கப்பட்ட அந்த வீதியில் பேலியகொடையில் ஏறிய பின் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, கதவும் மூடியிருக்கும். என் பயத்துக்கு அதைவிடப் பொருத்தமான, செலவு குறைந்த ஒத்திகை வேறு இல்லை. முதல் பயணத்தில் நெஞ்சு அடித்தது. பீதி பொதுவாக 10 நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய்ப் பின் தானாகவே தணியும் என்று சொல்லியிருந்தார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது அப்படியே தணிந்தது. அந்த வீதியில் என் உடலே எனக்குச் சாட்சி சொன்னது.

வீட்டில் கேட்பதற்கு ஒலிப்பதிவு ஒன்று தந்திருந்தார்கள். எங்கள் வீடு வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்கு அருகில் என்பதால் ஒவ்வொரு முறையும் ரயில் குறுக்கிட்டது. அதைச் சொன்னதும், ‘சத்தம் கடந்து போகும்போது இன்னும் ஆழமாகத் தளர்வீர்கள்’ என்ற வரியைச் சேர்த்துப் புதிதாகப் பதிவு செய்து தந்தாள். வாகனம் ஓட்டும்போதும் அடுப்படியில் நிற்கும்போதும் அந்தப் பதிவைக் கேட்கக் கூடாது. இன்னொன்று, பதிவில்லாமலும் அதே நிலைக்குப் போகப் பழகிக்கொள்ள வேண்டும். இதன் அருமை விமானத்தில்தான் விளங்கியது.

நடைபாதையோர இருக்கையைக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்திருந்தேன். பயண அனுமதிச் சீட்டு தரும் மேசையில் என்னை நடு இருக்கைக்கு மாற்றியிருந்தார்கள். விமானம் மாறியதால் இருக்கைகளும் மாறிவிட்டன, ஒன்றும் செய்ய முடியாது என்றார் அங்கிருந்தவர். வைத்தியரின் கடிதத்தைக் காட்டி, மேற்பார்வையாளரை அழைக்கும்வரை நகரமாட்டேன் என்று நின்றேன், இருக்கை கிடைத்தது. கடிதத்தில் நோயின் விவரம் வேண்டாம். நடைபாதையோர இருக்கை மருத்துவக் காரணத்தால் அவசியம் என்ற ஒரு வாக்கியம் போதும்.

கதவு மூடும் நேரத்தில், இயர்போனைக் கழற்றும்படி பணிப்பெண் கேட்டார். பதிவு இல்லாமலே விரல்களை அழுத்திக்கொண்டு, மூச்சை உள்ளிழுப்பதைவிட நீளமாக வெளிவிட்டேன். பயம் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். 10க்கு 9 ஆக இருந்தது 5 ஆகி, கடலின் மேல் போனபோது 3 ஆகியது. முன்னைய பயணங்களில் நான் விழுங்கிய அமைதி மாத்திரை இம்முறை பையிலேயே இருந்தது. அதையும் வைத்தியரின் சம்மதத்துடனேயே தவிர்த்தேன்; மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தங்கை கண் விழித்தபோது பக்கத்தில் நான் இருந்தேன்.

எல்லோருக்கும் இது ஒரே அளவில் வேலை செய்யாது. அறிதுயிலுக்கு உட்படும் இயல்பு ஆளுக்காள் வேறுபடும். இல்லாத குரல் கேட்பது போன்ற கடுமையான மனநோய் உள்ளவர்களும், போரின் காயங்களோடு வாழ்பவர்களும் மனநல வைத்தியரைக் காணாமல் இதில் இறங்கவே கூடாது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழைக்கலாம்.

காலி வீதி நிலையம் என் பணத்தை இன்னமும் தரவில்லை. பற்றுச்சீட்டின் இரு பக்கங்களையும் பிரதியெடுத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. இதே அனுபவம் உள்ளவர்கள் பற்றுச்சீட்டை எறிந்துவிடாமல் நீங்களும் முறைப்பாடு செய்யுங்கள்.