எது ஓடலன்னு எழுதச் சொன்னாங்க: ஒரு சின்ன டிரஸ்ட் வெளிநாட்டு நிதி வாங்கின அனுபவம்

சென்னை பக்கத்துல பெரும்பாக்கத்துல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய குடியிருப்புல சாயங்கால படிப்பு மையம் நடத்துற ஒரு சின்ன டிரஸ்ட்ல நான் வேலை பாக்குறேன். சிட்டிக்குள்ள கூவம் கரை, அடையாறு கரைன்னு இருந்த குடும்பங்களை எட்டு மாடி பிளாக்குகள்ல கொண்டு வந்து குடி வச்ச இடம் இது. அம்மாங்கள்ல பாதிப் பேர் ஓஎம்ஆர் ஆபீஸ், அபார்ட்மென்ட்ல ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போறாங்க. நாங்க மொத்தமே ஆறு பேர், அதுல நாலு பேர் அதே குடியிருப்பு அக்காங்க. எங்கள மாதிரி சின்ன அமைப்புங்க நிறைய பேர் வெளிநாட்டு நிதி வர்ற வழி நின்னு போயி மாட்டிக்கிட்டு நிக்கிறாங்கன்னு தெரியும், அதனால நாங்க எப்படித் தாண்டி வந்தோம்னு முழுசா எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

முன்னாடி எப்படின்னா, வெளிநாட்டுல இருந்து வர்ற பணம் டெல்லில இருக்குற ஒரு பெரிய அமைப்புக்கு வரும், அவங்க எங்களுக்கு ஒரு பங்கு அனுப்புவாங்க. அப்ளிகேஷன் எழுதுறது, ரிப்போர்ட் எழுதுறது, நிதி குடுக்குறவங்க கூட பேசுறது எல்லாம் அவங்க வேலை. நாங்க மாசாமாசம் எண்ணிக்கையும் வவுச்சரும் அனுப்புவோம். 2020 செப்டம்பர்ல எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துல திருத்தம் வந்துச்சு. ஒரு அமைப்பு வாங்குற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு, அது பதிவு பண்ண அமைப்பா இருந்தாலும், மாத்திக் குடுக்கவே கூடாதுன்னு ஆயிடுச்சு. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரைக்கும் போகலாம்னு இருந்தது 20க்கு வந்துச்சு. பணம் முதல்ல வந்து விழுற கணக்கு டெல்லி சன்சத் மார்க்ல இருக்குற ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல மட்டும்தான் இருக்கணும், அங்கேர்ந்து நம்ம ஊர் பேங்க்குக்கு மாத்தி செலவு பண்ணிக்கலாம். எங்களுக்கு எஃப்சிஆர்ஏ பதிவு ஏற்கனவே இருந்துச்சு. ஆனா பணம் வந்த வழி அடைஞ்சு போச்சு, கொரோனா நடுவுல.

முதல் வேலை பேப்பர் வேலை. டெல்லி கணக்குக்காக டெல்லி போகத் தேவையில்ல, இங்க பக்கத்து பிராஞ்ச்ல பேப்பர் குடுத்தே முடிக்கலாம், அது பெரிய நிம்மதி. கணக்கு மாறினதை எஃப்சி 6சி ஃபார்ம்ல சொல்லணும். நாங்க மாட்டுனது வேற இடத்துல. எங்க அறங்காவலர் ஒருத்தர், ரிட்டயர்டு தலைமை ஆசிரியர், மையத்தை ஆரம்பிச்சவரே அவர்தான், 2021 மே மாசம் கொரோனால போயிட்டார். அவர் பேரை எடுத்துட்டு புது ஆளைப் போடுறதுக்கு டிரஸ்ட் தீர்மானம், எஃப்சி 6இ, புது ஆளோட ஆதார், அஃபிடவிட்னு வரிசையா வேலை இருந்துச்சு. நான் அதைத் தள்ளித் தள்ளிப் போட்டேன், சார் பேரை என் கையால எடுக்க மனசு வரல. அதனால ரினியூவல் ஃபார்ம், எஃப்சி 3சி, போடுறதும் தள்ளிப் போச்சு. பதிவு அஞ்சு வருஷத்துக்குத்தான், முடியுறதுக்கு முன்னாடி ஆறு மாசத்துக்குள்ள ரினியூவல் போட்டுடணும். தேதிய நீட்டிச்சு அறிவிப்பு வந்ததால தப்பிச்சோம். நிர்வாகிங்க யார் மாறினாலும் அந்த வாரமே ஃபார்ம் போட்டுடுங்க, துக்கம் இருந்தாலும்.

ரெண்டு வருஷம் உள்ளூர் நன்கொடைலயே ஓட்டினோம், ரெண்டு அக்காங்க மதிப்பூதியமே வாங்காம வந்தாங்க. அப்புறம்தான் நேரடியா அப்ளிகேஷன் போட ஆரம்பிச்சோம். "புதுமை நிதி" குடுக்குற ஒரு வெளிநாட்டு அமைப்புக்கு முதல் அப்ளிகேஷன். நாப்பது பக்கம். பழைய ரிப்போர்ட்டெல்லாம் எடுத்து வச்சு, 90 பிள்ளைங்க சேர்ந்தாங்க, பெற்றோர் கூட்டம் இத்தனை, எல்லாம் இலக்குப்படி நடந்ததுன்னு எழுதினோம். நிராகரிச்சுட்டாங்க. மூணு வரி மெயில், புதுமை எதுவும் தெரியலன்னு. ஒரு வாரம் எனக்கு தூக்கமே இல்ல. ஆனா இப்ப அந்த அப்ளிகேஷன எடுத்துப் படிச்சா அவங்க சொன்னது நியாயம்தான்னு தோணுது, அதுல எங்க மையமே இல்ல, டெல்லி ரிப்போர்ட்ல நாங்க எழுதிப் பழகின எண்ணிக்கைதான் இருந்துச்சு.

ரெண்டாவதா போட்டது ஒரு ஐரோப்பிய அறக்கட்டளைக்கு. அவங்க முதல்ல கேட்டது ரெண்டே ரெண்டு பக்க கான்செப்ட் நோட், அதாவது திட்டச் சுருக்கம். அதுல ஒரு கேள்வி: கடந்த மூணு வருஷத்துல நீங்க செஞ்சதுல எது ஓடல, ஏன் ஓடல, அப்புறம் என்ன மாத்துனீங்க? எங்க ஆபீஸ்ல இந்தக் கேள்விய யாரும் எங்ககிட்ட கேட்டதே இல்ல. எங்க நிர்வாக அறங்காவலர் மேடம், "இதெல்லாம் எழுதினா பணம் தருவாங்களாம்மா?"ன்னு கேட்டாங்க. எனக்கும் அந்த பயம்தான். அன்னைக்கு சாயங்காலம் மையத்துக்குப் போயி அக்காங்க நாலு பேரையும் உக்கார வச்சு இதே கேள்விய கேட்டேன்.

செல்வி அக்கான்னு வச்சுக்குவோம், நிஜப் பேர் வேணாம், அவங்க பட்டுன்னு சொன்னாங்க: "90 பிள்ளைங்கன்னு எழுதுறோமே, அது பேர் எழுதின நோட்டு கணக்கு. தெனம் வர்றது 35 தான். அதுவும் பொம்பளப் புள்ளைங்க மூணாவது மாசத்தோட நின்னுடுதுங்க." ஏன்னு கேட்டேன். "அம்மா வேலை முடிஞ்சு வர ஏழரை ஆவுது. அதுவரைக்கும் தம்பி பாப்பாவ யார் பாக்குறது? இதுங்கதான். தம்பிய இடுப்புல தூக்கிட்டு இங்க வந்தா நாமதான் திருப்பி அனுப்பிட்டோம், எட்டுலேர்ந்து பன்னெண்டு வயசு மட்டும்னு."

அந்த எட்டு டு பன்னெண்டு எங்கேர்ந்து வந்துச்சு? லாக்ஃப்ரேம்லேர்ந்து. இந்தத் துறைல இருக்குறவங்களுக்குத் தெரியும், திட்டத்த நாலு நெடுவரிசைல எழுதுற ஒரு அட்டவணை, 1969ல அமெரிக்க உதவி அமைப்புக்காக உருவானது, இன்னைக்கு வரைக்கும் உலகம் பூரா ஓடுது. முதல் நெடுவரிசைல என்ன செய்யப் போறோம், ரெண்டாவதுல எத வச்சு அளக்குறது, மூணாவதுல அதுக்கு ஆதாரம் எங்க, நாலாவதுல எதெல்லாம் சரியா இருக்கும்னு நம்பி இதச் செய்யுறோம். நான் பார்த்த வரைக்கும் எல்லாரும் முதல் மூணுக்கு உயிரக் குடுத்துட்டு நாலாவதக் கடைசி நாள் ராத்திரி ஒரு வரி எழுதி நிரப்புவாங்க. நாங்களும் அப்படித்தான், "பெற்றோர் ஒத்துழைப்பார்கள்"னு எழுதி வச்சிருந்தோம். அந்த ஒரு வரிக்குள்ளதான் ஏழரை மணிக்கு வீடு வர்ற அம்மாவும், தம்பிய தூக்கிட்டு வாசல்ல நின்ன பொண்ணும் இருந்துருக்காங்க. அவங்கள வெளிய நிறுத்திட்டு உள்ள உக்காந்து வருகைப் பதிவேடு எழுதியிருக்கோம், அத நெனச்சா இன்னமும் மனசு கனக்குது.

அத அப்படியே எழுதினோம். 90, 35ங்குற ரெண்டு எண்ணிக்கையும் எழுதினோம். என்ன மாத்தப் போறோம்னா: ஒன்னு, சின்னப் புள்ளைங்களுக்கு மையத்துக்குள்ளேயே ஒரு மூலைல பாய் விரிச்சு, பார்த்துக்க ஒரு அக்காவப் போடுறது. ரெண்டு, வகுப்பு பார்த்துப் பிரிக்காம படிக்கிற லெவல் பார்த்துப் பிரிக்கிறது. ரெண்டாவது எங்க கண்டுபிடிப்பு இல்ல. பிரதம்ங்குற கல்வி அமைப்பு வருஷக்கணக்கா செஞ்சது, 2019ல நோபல் வாங்கின அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் அவங்களோட சேர்ந்து இந்த வழிய நம்ம நாட்டுல சோதிச்சுப் பார்த்திருக்காங்க. பிள்ளைய சோதிக்க அசர்னு சொல்ற வாசிப்புச் சோதனைத் தாள் போதும்: எழுத்து தெரியுதா, வார்த்தை வருதா, சின்னப் பத்தி வருதா, கதை வருதா. ஒரு பிள்ளைக்கு அஞ்சு நிமிஷம் ஆகும், பிளஸ் டூ முடிச்ச நம்ம அக்காவே செய்யலாம்.

மூணு வாரத்துல அந்த அறக்கட்டளைலேர்ந்து வீடியோ கால்ல கூப்பிட்டாங்க. ப்ரோக்ராம் ஆபீசர் மேடத்துக்கு தமிழ் தெரியாது, செல்வி அக்கா பேச நான் மொழிபெயர்த்தேன். அந்த மேடம் கேட்ட முதல் கேள்வி, பாய் போடுறதுல புதுமை என்ன? எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு, பழைய மெயில்தான் ஞாபகம் வந்துச்சு. அக்கா பதில் சொன்னாங்க: "பாய் புதுசு இல்லம்மா. திருப்பி அனுப்புன புள்ளைய நாங்களே போயி கூப்புடப் போறோம் பாருங்க, அது இங்க புதுசு." மேடம் கொஞ்ச நேரம் எழுதிக்கிட்டே இருந்தாங்க. முழு அப்ளிகேஷன் அனுப்பச் சொன்னாங்க.

அப்புறம் வந்தது டியூ டிலிஜென்ஸ், பணம் குடுக்குறதுக்கு முன்னாடி எங்க அமைப்ப சரிபார்க்குற வேலை. நிதிக் கொள்கை, கொள்முதல் கொள்கை, குழந்தை பாதுகாப்புக் கொள்கைன்னு பதினோரு ஆவணம் கேட்டாங்க. எங்ககிட்ட எழுத்துல எதுவும் இல்ல. நெட்ல கிடைக்குற சாம்பிள் ஆவணத்துல பேர மாத்தி அனுப்பிடலாம்னு ஒருத்தர் யோசனை சொன்னார், நான் ஒத்துக்கல. குழந்தை பாதுகாப்பு மட்டுமாவது முதல்ல தமிழ்ல எழுதி அக்காங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஒரு அக்கா நடுவுல நிறுத்தி, "பாத்ரூம் போற வழில லைட் இல்லையே, அத எங்க எழுதுவ?"ன்னு கேட்டாங்க. கொள்கைல அது முதல் பாயின்ட்டா வந்துச்சு, பட்ஜெட்ல லைட்டுக்கு 1,800 ரூபாயும் வந்துச்சு.

பட்ஜெட் போடுறவங்க இந்த 20 சதவீதத்த கவனமா பாருங்க. வாடகை, கரண்ட், கணக்கு எழுதுறவர் சம்பளம் எல்லாம் நிர்வாகச் செலவுல போகும். ஆனா நேரடியா சேவை செய்யுறவங்க சம்பளம், ஸ்கூல் டீச்சர், ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி, அதுல வராது. எங்க ஆடிட்டர் சார் அக்காங்க மதிப்பூதியத்த தனியாப் பிரிச்சு, அவங்க என்ன வேலை பாக்குறாங்கன்னு நியமனக் கடிதத்துலயே தெளிவா எழுத வச்சார். உள்ளூர் நன்கொடை ஒரு ரூபாய் கூட வெளிநாட்டுப் பணத்துக்கான எஃப்சி கணக்குல கலக்கக் கூடாது. வருஷக் கணக்கு எஃப்சி 4ல டிசம்பர் 31க்குள்ள ஏத்தணும், நாங்க நவம்பர்லயே முடிச்சுடுறோம்.

கான்செப்ட் நோட்லேர்ந்து பணம் வர்ற வரைக்கும் பதினோரு மாசம். 2024 கடைசில முதல் தவணை வந்துச்சு. அடுத்த மாசமே, 2025 ஜனவரில, அமெரிக்கா வெளிநாட்டு உதவிய நிறுத்தி வச்சது, ஜூலைல அவங்க உதவி அமைப்பு யுஎஸ்எய்டே மூடியாச்சு. பிரிட்டனும் தேசிய வருமானத்துல 0.5 சதவீதமா இருந்த உதவிய 2027க்குள்ள 0.3 ஆக்குறேன்னு சொல்லிடுச்சு. பணக்கார நாடுங்க 0.7 சதவீதம் குடுக்கணும்னு ஐநா சபைல 1970லயே தீர்மானம் போட்டது. எங்க பணம் அரசாங்கப் பணம் இல்ல, ஆனாலும் எனக்குத் தெரிஞ்ச ரெண்டு அமைப்புல ஆள் குறைச்சாங்க. உள்ளூர் அமைப்புங்க கைக்கு நேரடியா பணம் போகணும்னு 2016லேர்ந்து பெரிய பெரிய மாநாட்டுல ஒப்பந்தம் போடுறாங்க. பேரிடர் நிவாரணப் பணத்துல 25 சதவீதம்னு இலக்கு கூட வச்சாங்க. எனக்கு அந்த சதவீதத்த விட முக்கியமாப் படுறது, நடுவுல திட்டத்த மாத்திக்க விடுறாங்களாங்குறதுதான். எங்க ஒப்பந்தத்துல பத்து சதவீதம் வரைக்கும் ஒரு தலைப்புலேர்ந்து இன்னொன்னுக்கு கேக்காமலே மாத்திக்கலாம். ஏப்ரல்ல பாய் மூலைல பதினெட்டு சின்னப் புள்ளைங்க வர ஆரம்பிச்சதும் ஸ்டேஷனரி பணத்துலேர்ந்து எடுத்து ரெண்டாவது அக்காவப் போட்டோம். பழைய முறையா இருந்தா அதுக்கு டெல்லிக்கு லெட்டர் எழுதி அடுத்த ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கணும்.

இப்ப தெனம் வர்றது 58, அதுல பொண்ணுங்க 31. ஆரம்பத்துல அசர் தாள்ல கதை படிச்சவங்க 9 பேர், ஒன்பது மாசம் கழிச்சு 27. இதுல ஸ்கூல்ல நடந்தது எவ்வளவு, நாங்க செஞ்சது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எங்ககிட்ட வழி இல்ல, அதையும் ரிப்போர்ட்ல எழுதினோம். எது ஓடலங்குற பக்கத்துல இந்த தடவை ஒன்பதாம் வகுப்பு பசங்கள பத்தி எழுதிருக்கோம், அவங்களுக்காக ஆரம்பிச்ச ஞாயித்துக்கிழமை குரூப் நாலு வாரத்துல கலைஞ்சு போச்சு, காரணம் இன்னும் விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்.

அடுத்த மாசம் அந்த மேடம் நேர்ல வர்றாங்க. காலைல பதினோரு மணிக்கு ஆபீஸ்ல மீட்டிங்னு ப்ரோக்ராம் போட்டு அனுப்பியிருந்தாங்க. செல்வி அக்கா அத மாத்தச் சொல்லிட்டாங்க. அஞ்சரைக்கு மையத்துக்கே வரச் சொல்லி மெயில் போட்டாச்சு, அப்பதான் புள்ளைங்க தம்பி தங்கச்சிய தூக்கிட்டு படியிறங்கி வர்ற நேரம்.