கவுண்டி கண்காட்சிக்கு ஒரு தட்டு முறுக்கு

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், சோளமும் சோயாவும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஒரு கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வேலை நிமித்தமாகக் குடிவந்தபோது, பள்ளி விட்டபின் மகளை எங்கே அனுப்புவது என்பதே எங்கள் முதல் கவலையாக இருந்தது. பாட்டு வகுப்புக்கோ நடன வகுப்புக்கோ இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். எதிர்வீட்டு அம்மையார்தான் எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கச் சொன்னார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நம் ஊர் வேளாண்மை விரிவாக்க மையம். விதையும் உரமும் கிடைக்கிற இடத்தில் ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு என்ன வேலை இருக்க முடியும் என்று எண்ணிக்கொண்டே போனேன்.

பெயர் ஒன்றுதான், வேலை வேறு. 1914ஆம் ஆண்டின் ஸ்மித்–லீவர் சட்டத்தின்படி, மாநிலப் பல்கலைக்கழகத்தின் அறிவை அதன் வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களிடம் கொண்டுசேர்க்க ஏற்பட்ட அலுவலகங்கள் இவை. செலவை மத்திய அரசும் மாநிலமும் கவுண்டியும் பகிர்ந்துகொள்கின்றன. ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரில் நடந்தாலும், ஒவ்வொரு கவுண்டியிலும் உள்ளூர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒன்பது பேர் கொண்ட குழுவே அதை மேற்பார்வையிடுகிறது. சிறுவர்களுக்காக அங்கே நடப்பது ஃபோர்-ஹெச் என்னும் சிறுவர் மன்ற அமைப்பு. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்குக்கும் உரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தே அந்தப் பெயர். அதன் க்ளோவர் இலைச் சின்னத்துக்கு வித்திட்டவர் இதே மாநிலத்தின் பேஜ் கவுண்டியில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த ஜெஸ்ஸி ஃபீல்ட். 1910இல் அவர் தந்த சின்னத்தில் மூன்று இலைகள்தாம் இருந்தன.

ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு மட்டுமே உரியது என்ற என் எண்ணத்தை அலுவலகப் பெண்மணி சிரித்தபடியே மறுத்தார். புகைப்படம், தையல், ரோபோட்டிக்ஸ், சமையல் என்று நீண்ட பட்டியலில் என் மகள் சமையலைத் தேர்ந்தெடுத்தாள். இணையத்தில் பதிவுசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாதம் ஒருமுறை நடக்கும் மன்றக் கூட்டம்தான் என்னை வியக்கவைத்தது. தலைவர் பத்தாம் வகுப்பு மாணவி. மரச்சுத்தியலால் மேசையைத் தட்டிக் கூட்டத்தைத் தொடங்கினாள். சென்ற மாத நடவடிக்கைக் குறிப்பை ஒரு சிறுவன் வாசித்தான். தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிந்தார். பெற்றோர்களாகிய நாங்கள் சுவரோரத்து மடக்கு நாற்காலிகளில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தோம். எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

சிறுவர்கள் தாங்கள் செய்ததை நடுவர் முன் வைக்கும், ஜூலையில் நடக்கும் கவுண்டி கண்காட்சிக்கு எதை வைப்பது என்ற பேச்சு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. பாட்டியின் எலுமிச்சை ஊறுகாயை வைக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. விதி இடம் தரவில்லை. பாட்டிலில் அடைத்துப் பதப்படுத்திய பண்டம் என்றால், பல்கலைக்கழகமோ மத்திய வேளாண் துறையோ சோதித்து ஏற்ற செய்முறையில் செய்திருக்க வேண்டுமாம். தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று நான் சற்றுக் காட்டமாகவே சொன்னேன். அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஹெச் அளவு 4.6க்கு மேல் போனால் காற்றுப்புகாத பாட்டிலுக்குள் பொட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும் என்றும், எலுமிச்சையின் புளிப்பு அதற்குக் கீழேயே இருக்கலாம் என்றாலும் சோதிக்காத செய்முறையை நடுவரின் வாயில் வைக்கச் சொல்ல முடியாது என்றும் அலுவலகப் பெண்மணி பொறுமையாக விளக்கினார். எரிச்சல் தீரவில்லை, மறுக்கவும் வழியில்லை. குளிர்பதனப் பெட்டி தேவைப்படாத பண்டமாக யோசித்து முறுக்குக்கு வந்தோம்.

ஆனால் பண்டத்தைவிட, அதனோடு இணைக்க வேண்டிய தாள்தான் கடினமானது. உன் குறிக்கோள் என்ன, அதை எட்ட என்ன செய்தாய், எவற்றைக் கற்றுக்கொண்டாய் என்று அதில் மூன்று கேள்விகள். “முறுக்கு சுடக் கற்றுக்கொள்வது” என்று எழுதியதை மன்றத்தின் தன்னார்வலர் ஏற்கவில்லை. கற்றுக்கொண்டுவிட்டாய் என்பது உனக்கே எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதற்கு மகள் இரண்டு நாள் பதில் தேடினாள். கடைசியில், “பாட்டி சொல்லும் அளவுகளை, முறுக்கே பார்த்திராத ஒருவரும் செய்யக்கூடிய செய்முறையாக எழுதுவது” என்று அவளாகவே மாற்றி எழுதினாள்.

பாட்டியின் ஆழாக்கும் கைப்பிடியும் கப் கணக்குக்கு மாற நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முதல் முறை வெண்ணெய் கூடிப்போய், பிழிந்த முறுக்கு எண்ணெயில் கரைந்தது. அடுத்த முறை வெண்ணெயைக் குறைத்ததில் பல்லை உடைக்கும் பதம். நான்கு கப் அரிசி மாவுக்கு ஒரு கப் வறுத்த உளுந்து மாவு என்று நிலைத்தபின், ஐயோவாவின் ஜூலைப் புழுக்கத்தில் மறுநாளே நமத்துப்போவதைத் தடுக்க, நன்றாக ஆறியபின் பையில் போட்டு மூட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாள். எல்லாவற்றையும் நோட்டில் குறித்தாள். சுத்தமாகத் தட்டச்சு செய்து கொடுத்தது மட்டுமே என் பங்கு.

கண்காட்சியில் நடுவர், யாருமில்லா நேரத்தில் வந்து மதிப்பெண் போட்டுவிட்டுப் போவதில்லை. குழந்தையை எதிரில் உட்காரவைத்துப் பேசுகிறார். நான் பத்தடி தள்ளி நின்றேன். நடுவரான முதிய பெண்மணி முறுக்கை ஒடித்து, உள்ளே இருந்த துளைகளைப் பார்த்து, மென்று, வெண்ணெய் கூடினால் ஏன் கரைகிறது என்று கேட்டார். மகள் கைகளை ஆட்டி ஆட்டி விளக்கினாள். மேலிருந்து கீழாக நீலம், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ரிப்பன்கள். ஒரு குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிடாமல், வரையறுத்த தரத்தோடும் அவரவர் குறிக்கோளோடும் ஒப்பிட்டுத் தருகிறார்கள். இவளுக்குக் கிடைத்தது சிவப்பு.

எனக்கு மனம் சுருங்கியது. சுவையில் என்ன குறை என்று மகளிடம் கேட்டேன். சுவையில் குறையே இல்லையாம். செய்முறையில் தண்ணீருக்கு நேரே “தேவையான அளவு” என்று இருக்கிறதே, முறுக்கே பார்த்திராத எனக்கு அது எப்படித் தெரியும் என்று நடுவர் கேட்டிருக்கிறார். அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் ஒவ்வொரு முறையும் எத்தனை கரண்டித் தண்ணீர் என்று கோடு போட்டு எண்ணி வைத்திருந்தாள். தட்டச்சு செய்தபோது, நம் சமையல் குறிப்புகளைப் படித்துப் பழகிய கையோடு, அதை எடுத்துவிட்டுத் “தேவையான அளவு” என்று போட்டவன் நான்.

அன்றிரவு தொலைபேசியில் பாட்டியிடம் இதைச் சொன்னோம். “தண்ணிக்கு ஏதுடீ அளவு? மாவு எவ்வளவு கேட்குதோ அவ்வளவு” என்றார் அவர். அவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்து, மாவு கேட்பது கையில் எப்படித் தெரியும் பாட்டி என்று பென்சிலும் நோட்டுமாக மகள் கேட்டாள்.