வருகிறேன் என்று சொன்னது

ஜூலை 4, வெள்ளி
மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். படியேற மனைவிக்குப் பத்து நிமிடம் ஆனது. தையல் இழுக்கிறதாம். ஸ்தோத்திரம்.

ஜூலை 5, சனி
தூக்கம் வரவில்லை. கிளம்பும் அவசரத்தில் பக்கத்துக் கட்டில் பெரியவரிடம், "செவ்வாய்க்கிழமை வர்றேன் ஐயா, சங்கீதம் வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. இனி இந்த மருந்து வாடைக்குள் கால் வைக்கக் கூடாது என்று அதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் நினைத்திருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு
ஆராதனை முடிந்து வாசலில் நாலு பேரிடம் "ஜெபிக்கிறேன்" என்றேன். இரவு எண்ணிப் பார்க்கிறேன், மூன்று பேர்தான் ஞாபகத்தில் இருக்கிறார்கள். நாலாவது யார்?

ஜூலை 8, செவ்வாய்
போகவில்லை. மழை. நாலு மணிக்கே விட்டுவிட்ட மழை.

ஜூலை 9, புதன்
அப்போஸ்தலர் பவுலைத் துணைக்கு அழைத்துப் பார்த்தேன். கொரிந்துக்கு வருவதாக இருந்தவர் போகவில்லையே. 'ஆம்' என்றும் 'அல்ல' என்றும் மாற்றிப் பேசுகிறவன் என்று அவரையும்தானே குறை சொன்னார்கள்? இதை அவளிடம் சொன்னேன். படுத்தபடியே கேட்டாள்: "ஏன் வரலைன்னு அவர் உட்கார்ந்து எழுதி அனுப்பினாருங்க. நீங்க யாருக்கு எழுதினீங்க?"

ஜூலை 10, வியாழன்
"ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்." சங்கீதம் 15:4. எனக்கு என்ன நஷ்டம்? ஒரு மதியம்.

ஜூலை 11, வெள்ளி
ஆணையிடவில்லையே என்று மனம் இன்னும் வாதாடுகிறது. வானத்தின்மேல் சத்தியம், பூமியின்மேல் சத்தியம், எருசலேமின்மேல் சத்தியம் என்று தரம் பிரித்தவர்களிடம்தான் 'உள்ளதை உள்ளதென்று சொல்லுங்கள்' என்றார் இயேசு. சத்தியம் பண்ணாத சொல்லுக்கும் அதே எடைதான்.

யோசுவாவிடமாவது கிபியோனியர் பூசணம் பூத்த அப்பத்தைக் காட்டி, தூரதேசத்தார் என்று ஏமாற்றி வாக்கு வாங்கினார்கள். அதையே அவர் மீறவில்லை. என்னை யார் ஏமாற்றினார்கள்?

இன்னொன்றும் உறுத்துகிறது. 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்று நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் போக விருப்பமில்லாத இடங்களுக்குத்தான். நாளை நம் கையில் இல்லை என்ற பணிவுக்காக யாக்கோபு எழுதினார் (4:15). நான் அதைப் பின்வாசலாக்கி வைத்திருக்கிறேன். அவரோ அடுத்த அதிகாரத்திலேயே (5:12), 'உள்ளதை உள்ளதென்று' என்று அந்த வாசலையும் அடைத்துவிடுகிறார்.

ஜூலை 12, சனி
நாலாவது ஆள் ஞாபகம் வந்துவிட்டது. மகனுக்கு வேலை. இப்போதே ஜெபித்துவிட்டேன், மறப்பதற்குள்.

ஜூலை 15, செவ்வாய்
போனேன். அதே கட்டில். ஒரு வாரம் பிந்தியதற்கு என்னென்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். "நீங்க யாரு தம்பி?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. பத்து நாள் தூக்கம் கெட்டது எனக்கு மட்டும்தான்!

23ஆம் சங்கீதத்தை எடுத்தேன். "அது வேண்டாம், அடக்கத்துக்கு வாசிக்கிறது" என்றார். 121 வாசித்தேன். கூடவே உதடு அசைந்தது. என்னை மறந்தவருக்கு ஒரு வசனம்கூட மறக்கவில்லை.

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரமும் வருவீங்களா?" என்றார். "கர்த்தருக்கு..." என்று தொடங்கி நிறுத்தினேன். அப்புறம், "வர்றேன் ஐயா. செவ்வாய்க்கிழமை."

ஜூலை 21, திங்கள்
நாளை காலை பத்து மணிக்கு அவளை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரியவரிடம் நான் நேரம் ஏதும் சொன்னேனா?