ஏன் அவரைத் தோற்க வைத்தார்கள்?

ஒரு விளையாட்டுப் பத்திரிகையில், WWE என்ற அமெரிக்க நிறுவனம் நடத்தும் ரெஸ்லிங் பற்றிய கேள்வி-பதில் பகுதியைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். கிரிக்கெட் கேள்விகள் வேறொருவர் மேசைக்குப் போகும். அவருக்கு வருபவை பெரும்பாலும் எத்தனை ரன், எந்த வருடம், எந்த மைதானம் என்ற வகை. எனக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் ‘ஏன்’ என்றுதான் தொடங்கும். ஏன் அண்டர்டேக்கரைத் தோற்க வைத்தார்கள்? ஏன் கோஃபியிடமிருந்து சாம்பியன் பெல்ட்டை அப்படிப் பிடுங்கினார்கள்? கேட்பவர்களுக்கு, இந்த வீரர்களின் போட்டி முடிவு முன்கூட்டியே எழுதப்படுகிறது என்று நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கிறார்கள். கிரிக்கெட்டில் தோற்றால் பிட்ச் சரியில்லை, டாஸ் போச்சு என்று ஆறுதல் தேடலாம். இங்கே ஒருவர் உட்கார்ந்து யோசித்து அந்தத் தோல்வியை முடிவு செய்திருக்கிறார். அவரிடம் காரணம் கேட்க ரசிகருக்கு எல்லா உரிமையும் உண்டு.

‘எல்லாம் பொய்தானே, இதற்கு ஒரு பக்கமா?’ என்று கேட்டு எழுதுபவர்களும் உண்டு. அவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்வேன். இது பொழுதுபோக்கு நிகழ்ச்சிதான் என்று அந்த நிறுவனமே 1989இல் நியூ ஜெர்சி மாநில அரசிடம் சொல்லிவிட்டது. முடிவுதான் எழுதப்பட்டது, விழுவது நிஜம். 1998 ஜூனில் பிட்ஸ்பர்க்கில் கூண்டின் உச்சியிலிருந்து கிட்டத்தட்ட 16 அடி கீழே மேசை மேல் வந்து விழுந்த மிக் ஃபோலியின் உடம்பு பொய் சொல்லவில்லை.

அந்த உடம்புதான் பல ‘ஏன்’களுக்கு விடை என்பதை இந்த வேலைதான் எனக்குக் காட்டியது. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று ஒரு கதை ஓடும். இன்றைக்கும் அதைப் பற்றிக் கேட்டு எழுதுகிறார்கள். 1994 ஜனவரியில் ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில் யோகோசூனா என்ற வீரரோடு சேர்ந்து ஒரு கூட்டமே அவரைச் சவப்பெட்டிக்குள் தள்ளியதும், அவர் உருவம் அரங்கத்தின் கூரை நோக்கி எழும்பியதும் நிறைய பேருக்கு நினைவிருக்கும். அந்தக் காட்சிக்குப் பின்னால் இருந்தது ஒரு முதுகு வலி. மனிதருக்கு ஓய்வு வேண்டும், அவரைக் கதையிலிருந்து அனுப்ப வேண்டும், அனுப்புவதும் அவர் கௌரவத்துக்குத் தக்கபடி இருக்க வேண்டும். ஆகஸ்டில் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் அவர் திரும்பி வந்தார். 2007இல் கிரேட் காளி சாம்பியன் ஆனதை ‘நம்ம ஊர் ஆள் என்பதால் கொடுத்தார்களா?’ என்று கேட்பார்கள். முதலில் சொல்ல வேண்டியது, அந்த நேரத்தில் டைட்டில் வைத்திருந்த எட்ஜுக்கு மார்புத் தசை கிழிந்து பெல்ட் காலியானது என்பதுதான். ஒருவரின் காயம் இன்னொருவரின் வாய்ப்பாக மாறுவது இந்தத் தொழிலில் அன்றாடம். அதனால் ஒரு கேள்வி வந்ததும் கதையை ஆராய்வதற்கு முன், அந்த மாதத்தில் யார் யார் காயத்தில் இருந்தார்கள் என்று பார்த்துவிடுவேன்.

எல்லாவற்றையும் காயத்தின் மேல் போட்டுவிடவும் முடியாது. 2014 ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ், நிறுவனத்தின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 30. நமக்குத் திங்கள் விடிகாலை. அதுவரை ரெஸில்மேனியாவில் 21 போட்டி ஆடி 21இலும் ஜெயித்திருந்த அண்டர்டேக்கரை பிராக் லெஸ்னர் வீழ்த்தினார். நடுவர் மூன்று எண்ணி முடித்த பிறகும் அரங்கம் நம்பவில்லை. வாய் பிளந்து நின்ற ரசிகர் முகங்களை கேமரா ஒவ்வொன்றாகக் காட்டியது. இன்றுவரை அதிகம் வரும் கேள்வி அதுதான்.

அதற்கு ஒரே பதில் கிடையாது. முடிவு அப்போது நிறுவனத் தலைவராக இருந்த வின்ஸ் மக்மஹோனுடையது. அது அதே நாளில்தான் மாறியது என்று அண்டர்டேக்கர் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். அந்தப் போட்டியில் தலையில் அடிபட்டதால் அன்றைய நாளின் பெரும்பகுதி அவருக்கு நினைவே இல்லை. லெஸ்னருக்கு அந்த வெற்றி தேவைப்பட்டதா என்ற சந்தேகத்தையும் அவர் மறைக்கவில்லை. நிறுவனத்தின் கணக்கு ஆகஸ்டில் தெரிந்தது. சம்மர்ஸ்லாமில் அதே லெஸ்னர் ஜான் சீனாவை ஒரு பொம்மையைப் போலத் தூக்கித் தூக்கி எறிந்து பெல்ட்டை எடுத்தபோது, அண்டர்டேக்கரை வீழ்த்தியவர் என்ற பெயர் அந்தப் போட்டியை நம்ப வைத்தது. கதையாக அது வேலை செய்தது. ஆனாலும் அந்தத் தொடர் வெற்றியை முறிக்கும் வாய்ப்பை, எழுந்து வரவேண்டிய ஒரு இளைஞருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லெஸ்னர் ஏற்கெனவே மலை. மலைக்கு எதற்கு ஏணி?

வாசகருக்கு எழுதும்போது காரணத்தையும் என் கருத்தையும் தனித்தனியாகவே வைக்கிறேன். காரணத்தை விளக்கினாலே அந்த முடிவை ஆதரிக்கிறோம் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். கோஃபி கிங்ஸ்டன் விஷயத்தில் அது அதிகம் நடந்தது. 2019 பிப்ரவரியில் காயம்பட்ட முஸ்தஃபா அலிக்குப் பதிலாக ஆட வந்தவர். 11 வருடம் கம்பெனியில் இருந்தும் உலக சாம்பியன் பெல்ட் எட்டாமல் இருந்தவர். கூட்டம் கொடுத்த ஆதரவில் ஏப்ரலில் ரெஸில்மேனியா மேடையில் டேனியல் பிரையனை வென்றார். அக்டோபர் 4 அன்று, வாராந்திர நிகழ்ச்சியான ஸ்மாக்டவுன் ஃபாக்ஸ் தொலைக்காட்சிக்கு மாறிய முதல் இரவில், லெஸ்னரிடம் பத்து விநாடிகூடத் தாங்கவில்லை. காரணம் எளிது. புது சேனல், புது பார்வையாளர்கள், சட்டென்று எல்லோருக்கும் அடையாளம் தெரியும் முகம் வேண்டும். சரி. பெல்ட் கைமாறட்டும். ஆனால் அரை வருடம் சாம்பியனாக இருந்தவருக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? அந்த இரவை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை, வாசகரிடமும் அப்படித்தான் எழுதினேன்.

ஜிந்தர் மஹால் பற்றிய கேள்வியிலும் இதே மனநிலைதான். தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தவர் 2017 மே மாதம் ராண்டி ஆர்டனை வென்று சாம்பியன் ஆனார். இந்தியச் சந்தையை மனதில் வைத்து என்று அப்போது பரவலாக எழுதப்பட்டது. ஆனால் டிசம்பரில் டெல்லிக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே பெல்ட் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் போய்விட்டது. டெல்லியிலும் டிரிபிள் எச்சிடம் தோற்றார். பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை சொந்த மண்ணுக்கு வரும்போதாவது ஜெயிக்கக் கூடாதா என்று எழுதியவர்களின் கோபம் எனக்கும் இருந்தது.

இவ்வளவு கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அலுவலகத்தில் சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. ராயல் ரம்பிள் என்பது 30 பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து மோதும் போட்டி; ஜெயிப்பவருக்கு ரெஸில்மேனியாவில் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு. 2014 ரம்பிளில் டேனியல் பிரையன் வருவார் என்று பிட்ஸ்பர்க் கூட்டம் காத்திருந்தது. 30ஆம் ஆளாக வந்தது ரே மிஸ்டீரியோ. எல்லோரும் நேசிக்கும் அந்த மிஸ்டீரியோவையே கூட்டம் கத்தி விரட்டியது. ஜெயித்த பாட்டிஸ்டாவையும் விடவில்லை. சி.எம். பங்க் என்ற வீரரும் கம்பெனியை விட்டுப் போய்விட, பாட்டிஸ்டாவும் ஆர்டனும் மோதுவதாக இருந்த முக்கியப் போட்டிக்குள் பிரையனையும் சேர்க்க வேண்டியதாயிற்று. அண்டர்டேக்கர் தோற்ற அதே இரவின் கடைசியில் பெல்ட்டைத் தூக்கிக்காட்டியவர் பிரையன்தான்.

பத்து வருடம் கழித்து இன்னொரு முறை நடந்தது. 2023இல் ரோமன் ரெயின்ஸிடம் தோற்ற கோடி ரோட்ஸ், 2024இல் மறுபடி ரம்பிளை வென்றார். பிப்ரவரி 2ஆம் தேதி அவர் தன் இடத்தை, முன்னாள் ரெஸ்லரும் ஹாலிவுட் நடிகருமான ராக்குக்கு விட்டுக்கொடுப்பதுபோல ஒரு காட்சி. அந்த வாரம் எங்கள் பெட்டி நிரம்பிவிட்டது. ராக் அதற்கு முந்தைய மாதம்தான் WWEஇன் தாய் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்ந்திருந்தார் என்பதை யாரும் மறக்கவில்லை. கோடிதான் வேண்டும் என்று உலகம் முழுக்க ரசிகர்கள் குரல் எழுப்பினார்கள். ஒரே வாரத்தில் லாஸ் வேகாஸ் மேடையில் கதை திரும்பியது. ராக் வில்லனாக மாறினார். ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் 1,316 நாள் சாம்பியனாக இருந்த ரோமனை கோடி வீழ்த்தினார். திட்டத்தை மாற்றியதைவிட, எதிர்ப்பையே கதைக்கு எரிபொருளாக்கியதுதான் கதை எழுதும் அந்தக் கிரியேட்டிவ் டீமின் சாமர்த்தியம் என்று நினைக்கிறேன். ரசிகர் வெறுத்த ஆளையே வில்லனாக்கியதால் அந்த வெறுப்புக்குப் போக ஓர் இடம் கிடைத்தது.

அப்புறம் 2025. டொராண்டோவில் ராக் பக்கத்தில் நிற்க, ஜான் சீனா தன் நெடுநாள் ஹீரோ வேடத்தை உதறி கோடியை அடித்தார். ஏப்ரலில் ரெஸில்மேனியாவில் சீனா 17ஆவது பட்டத்தை வென்றபோது ராக் அங்கே இல்லை. ‘ராக் எங்கே சார்?’ என்று இன்னும் எழுதுகிறார்கள். ஒரு வில்லன் பிறக்கக் காரணமானவரே கதையிலிருந்து மறைந்துபோனால் அந்த வில்லன் எதற்காக வில்லன் என்றே புரியாமல் போய்விடுகிறது. ஓய்வுக்குப் போகவிருந்த சீனாவுக்கு இருந்ததோ ஒரே ஒரு வருடம். அதில் பாதியை இந்தக் கதை தின்றது.