பின்லாந்தில் ஆய்வாளர் வேலை: அபுராஹாவிலிருந்து ஒப்பந்தத்துக்கு

பின்லாந்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்குப் பணம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வரும். ஒன்று, பல்கலைக்கழகத்தோடு வேலை ஒப்பந்தம். மற்றது, கோனே போன்ற அறக்கட்டளைகள் தரும் அபுராஹா, அதாவது உதவித்தொகை. நான் அபுராஹாவில் தொடங்கி ஒப்பந்தத்துக்கு மாறியவன். மேசையும் வழிகாட்டியும் மாறவில்லை, மற்றதெல்லாம் மாறிவிட்டது.

அபுராஹாவுக்கு ஒரு வரம்பு வரை வரி கிடையாது என்பதால் தொகை தாராளமாகத் தெரியும். ஆனால் முதலாளி என்று ஒருவர் இல்லை. உதவித்தொகை 4 மாதமாவது நீடித்தால் மேலா என்ற நிறுவனத்தில் ஓய்வூதியக் காப்பீடு எடுக்க வேண்டும். வேலை தொடங்கிய 3 மாதத்துக்குள் விண்ணப்பம், தவணையும் நம் கையிலிருந்துதான். மேலா உண்மையில் விவசாயிகளுக்கான நிறுவனம். 2009 முதல் எங்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அடுத்த வருட வருமானம் நிச்சயமில்லை என்ற வகையில் பொருத்தம்தான்.

உடம்புக்கு முடியாதபோதுதான் வித்தியாசம் உறைத்தது. ஒப்பந்தத்தில் இருந்த நண்பர் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்த பணியாளர் மருத்துவரிடம் செலவில்லாமல் போய் வந்தார், சம்பளத்திலும் எதுவும் பிடிக்கவில்லை. நான் பொதுச் சுகாதார நிலையத்துக்குப் போன் செய்துவிட்டு, திருப்பி அழைப்பார்கள் என்று காத்திருந்தேன்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் முதல் வேலை வெரோகோர்ட்டி எனும் வரி அட்டை. அதைக் கொடுக்காவிட்டால் சம்பளத்தில் 60 சதவீதம் பிடித்துவிடுவார்கள். வரித்துறையின் ஓமாவேரோ தளத்தில் எதிர்பார்க்கும் ஆண்டு வருமானத்தைப் போட்டு வாங்கினேன். சம்பளத்தில் பேரம் பேச அதிக இடமில்லை. வேலையின் கடினத்துக்கு ஒரு பகுதி, தனிப்பட்ட செயல்பாட்டுக்கு ஒரு பகுதி என்று தொழிற்சங்கங்களும் முதலாளிகள் தரப்பும் போட்ட கூட்டு ஒப்பந்தமே வரையறுத்திருக்கிறது.

எத்தனை நாள் லீவு என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். ஆய்வாளர்களுக்குத் தனியாக லீவுக் கணக்கே கிடையாது! வருடத்துக்கு 1612 மணி நேர வேலை. ஆய்வுக்கு எவ்வளவு, கற்பித்தலுக்கு எவ்வளவு என்று திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். மீதி நாட்களை நாமே பார்த்துக்கொள்ளலாம். ஜூலையில் கட்டடத்தில் ஈ காக்கை இருக்காது. அதற்கு மேல் லொமாரஹா என்ற விடுமுறைப் பணமும் உண்டு. முதல் தடவை அதைச் சம்பளச் சீட்டில் பார்த்தபோது கணக்கில் ஏதோ பிழை என்றே நினைத்தேன்.

குழந்தை பிறந்தால், 2022 ஆகஸ்டில் வந்த சட்டப்படி, அம்மா அப்பா இருவருக்கும் தலா 160 வேலைநாள் பெற்றோர் உதவிப்பணம் கேலா எனும் அரசு சமூகக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கிடைக்கும். இதில் அபுராஹா, ஒப்பந்தம் என்ற பேதமில்லை.

ஒப்பந்தம் தொடங்கிய கையோடு வேலையின்மை நிதி ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். வேலை போனால் வருமானத்தை ஒட்டிய உதவி பெற 12 மாத வேலைக்காலம் காட்ட வேண்டும், அபுராஹா மாதங்கள் அதில் சேராது. தியேதேன்தேகியாத் எனும் ஆய்வாளர் சங்கத்தில் சேரும்போதே இதையும் கேட்டு முடித்துவிடலாம்.